தனக்குத் தீங்கு செய்துகொண்டு மருத்துவமனையில் சேர்ந்தவரைப் பராமரித்தல்: கடும் மனச்சோர்வு குறித்த வழிகாட்டி

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஒருவரின் உடல் சில நாட்களில் தேறிவிடலாம். ஆனால், அவரை அந்த நிலைக்குத் தள்ளிய மனச்சோர்வு அத்தனை விரைவில் தேறுவதில்லை. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரமும் அதைத் தொடரும் மூன்று மாதங்களுமே மிகுந்த கவனம் தேவைப்படும் காலம் ஆகும். இந்தப் பக்கம் நோயாளிகளுக்காகவும், அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்காகவும் எழுதப்பட்டது. மரக்காணம் உப்பளக் கடற்கரையில் வாழும் மக்களின் தொழிலையும் அன்றாட வாழ்வையும் மனத்தில் கொண்டு தகவல்கள் தரப்பட்டுள்ளன.

இப்போதே உதவி தேவையெனில்: 14416 (மனநல ஆலோசனை, 24 மணி நேரமும், கட்டணமின்றி), 104 (மருத்துவ ஆலோசனை), 108 (அவசர ஊர்தி).

கடும் மனச்சோர்வு என்பது என்ன?

வருத்தம் எல்லோருக்கும் வரும். சில நாட்களில் தணியும். இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பகுதியும் மனம் சோர்ந்தே இருப்பதும், முன்பு விரும்பிய எதிலும் நாட்டமில்லாமல் போவதும் மனச்சோர்வு நோயின் முதன்மையான அறிகுறிகள். இவற்றுடன் தூக்கமின்மை அல்லது மிகைத் தூக்கம், பசியின்மை, எடை குறைதல், களைப்பு, கவனக்குறைவு, தான் எதற்கும் பயனற்றவர் என்ற எண்ணம், தாங்க முடியாத குற்ற உணர்வு, இறப்பைப் பற்றிய எண்ணங்கள் ஆகியவையும் சேரலாம். நோய் கடுமையாகும்போது சிலர் உண்ணவும் பேசவும் மறுப்பர். சிலருக்கு இல்லாத குரல்கள் கேட்கும்.

நம் பகுதியில் பலர் இந்நோயை மனத்தின் பெயரால் சொல்வதில்லை. “உடம்பெல்லாம் அசதி”, “நெஞ்சு அடைக்குது”, “தலை பாரமா இருக்கு” என்றே மருத்துவரிடம் கூறுகின்றனர். வெயிலும் கடும் உழைப்பும் காரணம் எனக் கருதிப் பல மாதங்கள் கடத்திவிடுவதும் உண்டு. ஓய்வெடுத்த பின்னும் நீங்காத அசதியை மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

தனக்குத் தீங்கு செய்துகொள்ளும் எல்லோருக்கும் மனச்சோர்வு இருக்கும் என்று கூற இயலாது. கடன், குடும்பத் தகராறு, மது, தாங்க முடியாத உடல்வலி போன்ற நெருக்கடிகளில், ஒரு நொடி வேகத்தில் அவ்வாறு செய்பவர்களும் உள்ளனர். இருவகையினருக்கும் மனநல மருத்துவரின் மதிப்பீடு தேவை.

மருத்துவமனையில் என்ன நடைபெறும்?

முதலில் உயிரைக் காக்கும் சிகிச்சை அளிக்கப்படும். மரக்காணம் அரசு மருத்துவமனையில் முதலுதவி பெற்றவர், நிலைமைக்கேற்ப திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ, முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ அனுப்பப்படலாம். அவர் முன்பு உட்கொண்டுவந்த மாத்திரைகளையும் மருத்துவச் சீட்டுகளையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

உடல்நிலை சீரடைந்து பேசக்கூடிய நிலை வந்ததும் மனநல மருத்துவர் நோயாளியுடன் தனியே பேசுவார். அவ்வேளையில் உறவினர் வெளியே இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படலாம். குடும்பத்தினர் முன்பு சொல்ல முடியாத ஒன்றை அவர் சொல்வதற்கான வாய்ப்பு அது. பின்னர் குடும்பத்தினரிடமும் விவரம் கேட்கப்படும். “தெரியாமல் நடந்துவிட்டது” என்று மறைக்க வேண்டாம். நடந்ததை உள்ளபடி கூறினால்தான் சரியான சிகிச்சையைத் தீர்மானிக்க முடியும்.

உடல் தேறியவுடன், மனநல மருத்துவர் பார்ப்பதற்கு முன்பே, வீட்டிற்கு அழைத்துச் செல்லப் பல குடும்பங்கள் விரும்புகின்றன. ஊரார் பேச்சு, ஒரு நாள் கூலி இழப்பு, வீட்டில் தனித்திருக்கும் பிள்ளைகள் என ஒவ்வொன்றும் நியாயமான கவலையே. ஆயினும், அந்த மதிப்பீடு முடியும்வரை காத்திருங்கள்.

காவல்துறை வழக்கு வருமா?

இந்த அச்சத்தால் சிலர் சிகிச்சையைத் தாமதப்படுத்துகின்றனர். அஞ்ச வேண்டியதில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 115ஆம் பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கருதப்பட வேண்டும் எனக் கூறுகிறது. வேறுவிதமாக நிரூபிக்கப்பட்டாலன்றி அவரை விசாரித்துத் தண்டிக்க இயலாது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் அதே பிரிவு விதிக்கிறது. இச்சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. இம்முயற்சியைப் பொதுவான குற்றமாகக் கருதிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை. பொது ஊழியரின் கடமையைத் தடுக்கும் அல்லது அவரைக் கட்டாயப்படுத்தும் நோக்கத்துடன் செய்யப்படும் முயற்சி மட்டுமே அதில் குற்றமாக உள்ளது.

மருத்துவமனையில் விவரங்கள் பதிவு செய்யப்பட்டுக் காவல் நிலையத்திற்குத் தகவல் அனுப்பப்படலாம். இது வழக்கமான நடைமுறை. புதுச்சேரியில் சிகிச்சை பெற்றாலும் இதே சட்டங்களே பொருந்தும்.

நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றிலும் தடை செய்கிறது. வீட்டிலும் அவரைக் கட்டிவைக்கவோ அறையில் பூட்டிவைக்கவோ கூடாது.

படுக்கையருகே இருப்பவர் செய்ய வேண்டியவை

• நோயாளியைத் தனியே விட வேண்டாம். கழிவறைக்குச் செல்லும்போதும் அருகில் இருங்கள். கதவை உள்ளே தாழிட வேண்டாம் என்று அன்புடன் கூறுங்கள்.
• ஒருவரே இரவும் பகலும் விழித்திருக்க இயலாது. இரண்டு அல்லது மூன்று பேர் முறைவைத்து இருங்கள். முறை மாறும்போது நடந்தவற்றை அடுத்தவரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.
• மாத்திரைகளும் கூரிய பொருட்களும் படுக்கையருகே இருக்க வேண்டாம். மருந்தைச் செவிலியர் கொடுக்கட்டும். நோயாளி அதை விழுங்கியதை உறுதி செய்யுங்கள்.
• பார்வையாளர்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். “ஏன் செய்தாய்?” என்று ஒவ்வொருவரும் கேட்பது அவரை மேலும் வாட்டும்.
• நெடுநாள் கலக்கத்தில் இருந்தவர் திடீரென அமைதியாகிவிட்டால், அதைத் தேறுதலின் அடையாளம் என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

என்ன பேசலாம்?

இறப்பைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுமோ என்று பலர் தயங்குகின்றனர். நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. தனக்குள் புதைத்து வைத்திருந்ததைச் சொல்ல ஒருவர் கிடைத்தாரே என்ற ஆறுதலே பெரும்பாலும் கிடைக்கிறது. வீட்டில் பேசும் சொற்களிலேயே கேளுங்கள்:

“உயிரோட இருக்க வேணாம்னு இப்பவும் தோணுதா?”
“அந்த எண்ணம் எந்த நேரத்துல அதிகமா வருது?”
“நான் பக்கத்துல இருக்கேன். எது வேணாலும் சொல்லு, கோவிச்சுக்க மாட்டேன்.”

பதில் வராவிட்டாலும் உடனிருங்கள். அறிவுரையை விட, குறுக்கிடாமல் கேட்பதே இப்போது தேவை. “உனக்கு என்ன குறைச்சல்?”, “பிள்ளைங்கள நெனச்சுப் பாத்தியா?”, “குடும்ப மானமே போச்சு” போன்ற சொற்களைத் தவிருங்கள். தான் குடும்பத்திற்குப் பாரம் என்று ஏற்கெனவே எண்ணிக்கொண்டிருப்பவருக்கு இச்சொற்கள் அதை உறுதிப்படுத்திவிடும். “யாரிடமும் சொல்லாதே” என்று அவர் கேட்டுக்கொண்டாலும், உயிருக்கு ஆபத்தான எண்ணத்தை மறைப்பதாக வாக்குக் கொடுக்க வேண்டாம்.

சிகிச்சை முறைகள்

*மனச்சோர்வு நீக்கும் மருந்துகள்:* செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், ஃபுளூவாக்செடின் போன்றவை பெரும்பாலும் வழங்கப்படுகின்றன. இவற்றின் பயன் தெரிய 2 முதல் 4 வாரங்கள் ஆகும். முழுப் பயன் கிடைக்க மேலும் சில வாரங்கள் ஆகலாம். இவை அடிமைப்படுத்தும் மருந்துகள் அல்ல. தொடக்க நாட்களில் குமட்டல், தலைவலி, அமைதியின்மை ஏற்படலாம். 25 வயதுக்குக் குறைந்தோருக்கு முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணங்கள் கூடலாம் என்பதால், அவர்களை மேலும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மனம் தெளியும் முன்பே உடலில் சுறுசுறுப்பு திரும்பக்கூடும். அந்த இடைவெளியிலும் விழிப்புத் தேவை. நலமடைந்த பிறகும் குறைந்தது 6 மாதங்களேனும் மருந்தைத் தொடர வேண்டும். மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்தக் கூடாது.

*மின்னதிர்வு சிகிச்சை:* உண்ண மறுப்பவர்களுக்கும், உயிருக்கு உடனடி ஆபத்து உள்ளவர்களுக்கும், மருந்தால் பயன் கிடைக்காதவர்களுக்கும் இது பரிந்துரைக்கப்படலாம். திரைப்படங்களில் காட்டப்படுவது போல் இது தண்டனை அன்று. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுத்தே அளிக்கப்படுகிறது. அவையின்றி அளிப்பதைச் சட்டம் தடை செய்கிறது. வழக்கமாக வாரத்திற்கு 2 அல்லது 3 முறையாக 6 முதல் 12 முறை வரை அளிக்கப்படும். சில காலம் மறதி இருக்கலாம். ஒப்புதல் தருவதற்கு முன் உங்கள் ஐயங்கள் அனைத்தையும் கேளுங்கள்.

*உளவியல் ஆலோசனை:* நெருக்கடிகளைச் சிறு பகுதிகளாகப் பிரித்துத் தீர்வு காணவும், தன்னைப் பற்றிய கொடிய எண்ணங்களை எதிர்கொள்ளவும் இது பயிற்சி தருகிறது.

வழிபாடும் நேர்த்திக்கடனும் குடும்பத்திற்கு ஆறுதல் தருமெனில் செய்யுங்கள். அதற்காக மருந்தையோ மருத்துவமனைக்குச் செல்வதையோ நிறுத்திவிட வேண்டாம்.

உப்பளத்திலும் கடலிலும் உழைப்போர் கவனத்திற்கு

சிலருக்கு லித்தியம் என்னும் மருந்து தரப்படும். தற்கொலை ஆபத்தைக் குறைப்பதில் இது பயனுள்ளது. ஆனால், தேவையான அளவுக்கும் தீங்கு செய்யும் அளவுக்கும் இடையே வேறுபாடு குறைவு. கடும் வெயிலில் வியர்த்து, போதிய நீர் அருந்தாமல் உழைத்தால் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு உயர்ந்துவிடும். வயிற்றுப்போக்கு, வாந்தி ஏற்படும்போதும் அவ்வாறே உயரும். எனவே,

• மருத்துவர் கூறும் நாட்களில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.
• வேலையிடத்திற்குக் குடிநீர் எடுத்துச் சென்று அடிக்கடி அருந்துங்கள். உணவில் உப்பைத் திடீரெனக் குறைக்கவோ கூட்டவோ வேண்டாம்.
• உடல்வலிக்காகக் கடையில் மாத்திரை வாங்கி உட்கொள்ள வேண்டாம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் லித்தியத்தின் அளவை உயர்த்தும்.
• கை நடுக்கம் அதிகரித்தல், தள்ளாட்டம், நாக்குழறல், தொடர் வாந்தி தோன்றினால் அடுத்த வேளை மருந்தை உட்கொள்ளாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வெயில் ஏறுமுன் வேலையை முடிப்பதற்காக, உப்பளத் தொழிலாளர் பலர் விடியலுக்கு வெகு முன்பே எழுகின்றனர். மீனவர்களும் இருட்டிலேயே கடலுக்குச் செல்கின்றனர். இரவு மாத்திரையால் வரும் மயக்கம் அந்நேரத்தில் நீங்காமல் இருக்கலாம். நீங்கள் எழும் நேரத்தை மருத்துவரிடம் கூறுங்கள்; மருந்தையோ அதை உட்கொள்ளும் வேளையையோ அதற்கேற்ப மாற்ற இயலும். மது அருந்துவது மருந்தின் பயனைக் கெடுக்கும். தீங்கு செய்துகொள்ளும் வேகத்தையும் தூண்டும்.

வீடு திரும்புமுன் எழுத வேண்டிய பாதுகாப்புத் திட்டம்

மருத்துவர் அல்லது செவிலியரின் உதவியுடன், நோயாளியின் சொற்களிலேயே ஒரே தாளில் எழுதுங்கள்.

1. நெருக்கடி வருகிறது என்பதை எனக்கு உணர்த்தும் அறிகுறிகள் எவை?
2. அவ்வேளையில் நானே செய்யக்கூடியவை எவை? (நடத்தல், குளித்தல், பாட்டுக் கேட்டல்)
3. மனத்தைத் திருப்ப நான் செல்லக்கூடிய இடங்களும் காணக்கூடிய மனிதர்களும் யார், எவை?
4. வாய் திறந்து உதவி கேட்கக்கூடிய இருவர் யார்? அவர்களின் தொலைபேசி எண்கள் என்ன?
5. மருத்துவமனை எண், 14416, 104, 108.
6. வீட்டில் ஆபத்தான பொருட்கள் யாருடைய பொறுப்பில் இருக்கும்?

படிக்கத் தெரியாதவரெனில், உடனிருப்பவர் படித்துக் காட்டட்டும். அல்லது கைப்பேசியில் அவருடைய குரலிலேயே பதிந்துகொள்ளலாம்.

ஆறாவது வினா மிக முதன்மையானது. உயிரை மாய்த்துக்கொள்ளும் வேகம் பெரும்பாலும் சிறிது நேரமே நீடிக்கிறது. அந்நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கெட்டாமல் இருந்தால் உயிர் தப்புகிறது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் இரண்டு ஊர்களில், விவசாயிகள் தங்கள் பூச்சிக்கொல்லிகளை வீட்டில் வைக்காமல் பொதுக் கிடங்கின் பூட்டிய பெட்டிகளில் வைக்க ஏற்பாடு செய்யப்பட்டது. அவ்வூர்களில் தற்கொலைகள் குறைந்ததாக 2013இல் வெளியான ஆய்வு கூறுகிறது. உங்கள் வீட்டிலும் பூச்சிக்கொல்லியும் எலி மருந்தும் இருக்க வேண்டாம். மாத்திரைகளைப் பூட்டி, சாவியை வேறொருவர் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்திற்கு மட்டுமே மருந்து தருமாறு மருத்துவரிடம் கேட்கலாம்.

வீடு திரும்பிய பின்: ஒன்பது முறை நலம் கேட்டல்

உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு, பிரேசிலின் காம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களில் ஓர் ஆய்வை நடத்தியது. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் அளிக்கப்பட்டது. மற்றொரு பிரிவினருடன், வீடு திரும்பும் வேளையில், சுமார் ஒரு மணி நேரம் பயிற்சி பெற்ற ஒருவர் அமர்ந்து பேசினார். அதன்பின் 18 மாதங்களில் 9 முறை தொலைபேசி வழியாகவோ நேரிலோ அவர்களிடம் நலம் விசாரிக்கப்பட்டது. 2008இல் வெளியான முடிவுகளின்படி, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்தனர். நலம் விசாரிக்கப்பட்டோரில் 0.2 விழுக்காட்டினரே அவ்வாறு இறந்தனர். விலையுயர்ந்த கருவியோ புதிய மருந்தோ இதற்குத் தேவைப்படவில்லை.

அந்த ஆய்வில் பின்பற்றப்பட்ட கால அட்டவணை இது. வீட்டு நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்:

• 1, 2, 4, 7, 11ஆம் வாரங்கள்
• 4, 6, 12, 18ஆம் மாதங்கள்

இந்நாட்களில் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரும் என்று காத்திருக்க வேண்டாம். நீங்களே மருத்துவமனைக்கோ, 14416க்கோ, உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியருக்கோ தொடர்புகொண்டு, நோயாளியைப் பேசச் செய்யுங்கள். குடும்பத்தாரின் அன்றாட விசாரிப்பு இதற்கு மேலாகத் தொடரட்டும்.

மரக்காணம் பகுதியிலிருந்து முண்டியம்பாக்கத்திற்கோ புதுச்சேரிக்கோ சென்றுவந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனாலேயே பலரின் சிகிச்சை பாதியில் நின்றுவிடுகிறது. வீடு திரும்புமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: மறுபரிசோதனையை அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு மாற்ற முடியுமா? மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் அங்கு எந்தக் கிழமையில் வருகிறார்? இதே மருந்து அங்குக் கிடைக்குமா? சிகிச்சைச் சுருக்கத்தைக் கையில் பெறாமல் புறப்பட வேண்டாம். முதல் மறுபரிசோதனை ஒரு வாரத்திற்குள் இருக்கட்டும்.

வருமானமில்லாத மாதங்கள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையால் பாத்திகளில் நீர் நிறைந்து உப்பு உற்பத்தி நின்றுவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கையில் பணமும் வேலையும் இல்லாத இம்மாதங்களில் கடனும் வீட்டுத் தகராறும் பெருகும். நோயாளி முழுநாளும் தனித்திருக்கவும் நேரும். மறுபரிசோதனை நாட்களை இம்மாதங்களில் தவறவிடாதீர்கள்.

உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கான மழைக்கால நிவாரணத்திற்கும், மீனவர் குடும்பங்களுக்கான தடைக்கால நிவாரணத்திற்கும் உங்கள் பெயர் பதிவாகியுள்ளதா எனப் பாருங்கள். கடன் கொடுத்தவர் மிரட்டினால் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி பெறலாம். வீட்டில் வன்முறைக்கு ஆளாகும் பெண்கள் 181-ஐயும், சிறுவர்களுக்காக உதவி தேடுவோர் 1098-ஐயும் அழைக்கலாம். துன்பத்தின் காரணம் அப்படியே இருக்க, மருந்து மட்டும் போதுமானதாக இராது.

பராமரிப்பவரின் நலம்

நோயாளியைக் காப்பவர்களுக்கும் அச்சம், கோபம், குற்ற உணர்வு, தூக்கமின்மை ஏற்படும். இது இயல்பே. பொறுப்பை உடன்பிறந்தோருடனும் நம்பிக்கையான அண்டை வீட்டாருடனும் பகிர்ந்துகொள்ளுங்கள். 14416 எண் உங்களுக்கும் உரியது. வீட்டிலுள்ள பிள்ளைகளிடம், “அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, வைத்தியம் பாக்குறோம். இது உன்னால வந்தது இல்ல” என்று எளிமையாகச் சொல்லுங்கள்.

நோயாளிக்கு

நீங்கள் இதைப் படிக்கும் நிலையில் இருந்தால்: உங்களைப் போல் இந்நிலைக்கு வந்து மீண்டவர்கள் பலர். ஒருமுறை முயன்றவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை. தம் வாழ்வைத் தொடர்கின்றனர். எல்லாம் முடிந்துவிட்டது என்று இப்போது தோன்றுவது நோயின் அறிகுறி. அந்நோய்க்குச் சிகிச்சை உண்டு. இன்று பெரிய முடிவு எதையும் எடுக்க வேண்டாம். அந்த எண்ணம் மீண்டும் வந்தால், வந்தது என்று ஒருவரிடம் சொல்லுங்கள். அது போதும்.

உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய நிலைகள்

• இறக்கப் போவதாகக் கூறுதல், விடைபெறுவது போல் பேசுதல், தன் பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல்
• மீண்டும் தனக்குத் தீங்கு செய்துகொள்ளுதல், அதற்கான பொருளைத் தேடுதல்
• உணவும் நீரும் மறுத்தல், பல இரவுகள் உறங்காமை
• தன்னைச் சாகச் சொல்லும் குரல் கேட்பதாகக் கூறுதல்
• மருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டதாக ஐயம் ஏற்படுதல். அறிகுறி தெரியாவிட்டாலும் காத்திருக்க வேண்டாம்

இந்நிலைகளில் அவரைத் தனியே விடாமல் 108-ஐ அழையுங்கள். பேசுவதற்கு 14416, 104 ஆகிய எண்களுடன், சென்னையில் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் 044-24640050 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்கள். உங்கள் சிகிச்சை குறித்த முடிவுகளை உங்கள் மருத்துவருடன் கலந்து எடுங்கள்.